அன்புத் தாயாரும் பாசமிகு அம்மம்மாவும் ஆவார்

சித்திரை மாதத்து முழுநிலா நாள் யாழ்ப்பாணத்தில் தாயை இழந்தவர்களுக்கு உரியது. தகப்பனுக்கு ஆடி அமாவாசை. அன்று கீரிமலைக்குப் போய்க் கடலிலும் கேணியிலும் தோய்ந்து, பிதிர்க்கடன் கழித்து, வீட்டுக்கு வந்து காத்தோட்டிக்காய்க் கறியோடு விரதம் முடிப்பார்கள். தாய்க்குச் சித்திரா பௌர்ணமி. தாய் உயிரோடு இருக்கும்வரை அது கலண்டரில் இன்னொரு போயா விடுமுறை மட்டுந்தான். அவர் போன பிறகு வரும் சித்திரையில் திடீரென்று அது நமக்கென்று ஆகிவிடுகிறது. கோயிலடியில் கிடாரம் வைத்துக் கஞ்சி காய்ச்சுகிறார்கள். மண்டபத்தில் சித்திரபுத்திர நாயனார் கதை படிக்கிறார்கள். மனிதர் செய்த ஒவ்வொன்றையும் விடாமல் பதிந்துவைக்கும் கணக்கரின் கதை அது. இத்தனை வருடமாக வாசலோடு போனவர்கள் அன்றைக்கு உள்ளே போய் உட்கார்ந்து கேட்கிறார்கள்.

அந்தக் கணக்கு நம் கண்ணுக்குத் தெரியாது. தெரிவது நாம் எழுதும் கணக்கு. பத்திரிகையில் ஒரு மரண அறிவித்தல், முப்பத்தோராம் நாளில் ஒரு நினைவு மலர். ஈழத்தில் பெரும்பாலான தாய்மாருக்கு அச்சில் கிடைக்கும் இடம் இவ்வளவுதான். அரசியல்வாதியோ எழுத்தாளரோ அல்லாத, ஊர் எல்லைக்கு வெளியே யாருக்கும் தெரியாத ஒரு பெண் கதைத் தலைவியாக வரும் ஒரே புத்தகம், அவர் போன பிறகு அச்சாகும் அந்த மெல்லிய மலர். அதில் என்ன எழுதுகிறோம், எதை விடுகிறோம் என்பதுதான் இந்த வாரக் கட்டுரை.

மூன்று ஊர்களும் அடைப்புக்குறிகளும்

ஈழத்து மரண அறிவித்தலைத் தமிழ்நாட்டில் ஒருவரிடம் காட்டினால் வியப்பார். அங்கே சுவரொட்டியில் பெரிய படமும் கண்ணீர் அஞ்சலியும், அஞ்சலி செலுத்துபவர்களின் படங்கள் அதைவிடப் பெரிதாகவும் இருக்கும். நம் அறிவித்தல் ஒரே வசனம். இன்ன ஊரைப் பிறப்பிடமாகவும், இன்ன ஊரை வதிவிடமாகவும் கொண்ட இன்னார் இறைவனடி சேர்ந்தார் என்று தொடங்கி, அன்னார் காலஞ்சென்ற இன்னார் தம்பதியின் அன்பு மகளும், இன்னாரின் அன்பு மனைவியும், இன்னின்னாரின் பாசமிகு தாயாரும், மாமியாரும், சகோதரியும், மைத்துனியும், அம்மம்மாவும், அப்பம்மாவும், பூட்டியும் ஆவார் என்று மூச்சுவிடாமல் போய் முடியும். 1930இல் தொடங்கிய வீரகேசரி, 1959இல் யாழ்ப்பாணத்தில் தொடங்கிய ஈழநாடு, 1985இல் வந்த உதயன் என்று பத்திரிகைகள் மாறினாலும் இந்த வாய்ப்பாடு பெரிதாக மாறவில்லை. இலங்கை வானொலியில் மரண அறிவித்தல் வாசிக்கும் நேரத்தில் வீட்டில் சத்தம் போட முடியாது. சொந்தக்காரர் பெயர் வருகிறதா என்று கிழவிகள் காதைக் கொடுத்துக்கொண்டிருப்பார்கள். உறவுமுறை வரிசையில் ஒரு பெயர் விட்டுப்போனால் பத்து வருடத்துக்குக் கதைக்காமல் விடும் குடும்பங்கள் உண்டு.

அலுப்பூட்டும் வாய்ப்பாடு என்று இதைப் பலர் சிரிப்பார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. பிறப்பிடம், வதிவிடம், தற்போதைய வதிவிடம் என்ற மூன்று ஊர்ப் பெயர்களில் ஒரு போரே அடங்கிவிடுகிறது. அளவெட்டியில் பிறந்து, கிளிநொச்சியில் வாழ்ந்து, ஸ்காபரோவில் காலமான ஒருவர் ஏன் அந்த வழியாகப் போனார் என்று யாரும் விளக்க வேண்டியதில்லை. பிள்ளைகளின் பெயருக்குப் பக்கத்து அடைப்புக்குறிகள் அதைவிடப் பேசும். மூத்தவன் ஜேர்மனி, அடுத்தவள் பிரான்ஸ், நடுவிலான் கனடா, கடைக்குட்டி அவுஸ்திரேலியா. எந்தப் பிள்ளைக்கு வயது வந்தபோது எந்த நாட்டுக் கதவு திறந்திருந்தது, வெளிநாட்டுக்கு ஆள் அனுப்பும் ஏஜென்சிக்காரன் எந்தப் பாதையை வைத்திருந்தான் என்பதை அந்த வரிசையில் ஊகிக்கலாம். பெற்றோரின் பெயருக்கு முன்னால் ‘காலஞ்சென்ற’ என்று வருவது இயற்கை. பிள்ளையின் பெயருக்கு முன்னால் அது வந்தால், வாசிப்பவர் அந்த ஆண்டுகளை மனதில் கணக்குப் போட்டுப் பார்ப்பார்.

இல்லாதது அந்தப் பெண் என்ன செய்தார் என்பது. ஆண் என்றால் இளைப்பாறிய தபாலதிபர், பிரபல வர்த்தகர், முன்னாள் கிராம சேவையாளர் என்று முதல் வரியிலேயே வந்துவிடும். பெண் ஆசிரியையாகவோ தாதியாகவோ இருந்தால்தான் அந்த இடம் கிடைக்கும். ஐம்பது வருடம் வெங்காயத் தோட்டத்தில் குனிந்தவர், ஆடு கோழி வளர்த்து வீட்டுச் செலவைச் சமாளித்தவர், ஊருக்கே சட்டை தைத்தவர் எல்லாரும் வெறும் ‘அன்பு மனைவி’. மகளாக, மனைவியாக, தாயாக வரிசையில் நிற்க முடியாத பெண்ணுக்கு இந்த வசனமே உதவாது. தெல்லிப்பழைத் துர்க்கை அம்மன் கோயிலை வளர்த்தெடுத்த சிவத்தமிழ்ச்செல்வி தங்கம்மா அப்பாக்குட்டி மணமாகாதவர். 2008இல் அவர் மறைந்தபோது, அவர் தொடங்கிய மகளிர் இல்லத்தில் வளர்ந்த பெண்பிள்ளைகளுக்கு அம்மா போனார். நம் வாய்ப்பாட்டில் அதற்கு ஒரு கட்டம் கிடையாது.

முப்பத்தோராம் நாள் புத்தகம்

செத்தவீடு முடிந்து, காடாத்து, எட்டுச் செலவு என்று போய், முப்பத்தோராம் நாள் அந்தியேட்டியும் வீட்டுக்கிருத்தியமும் நடக்கும். அன்று சாப்பிட்டு எழும்புகிறவர் கையில் ஒரு புத்தகம் கொடுப்பார்கள். முன்பு அது கல்வெட்டு. தொல்லியல்காரர் தேடும் கல்வெட்டு அல்ல, செய்யுளில் எழுதிய வாழ்க்கை. முதலில் திதி வெண்பா. எந்த ஆண்டு, எந்த மாதம், எந்தப் பட்சம், எந்தத் திதி என்று நாலு அடிக்குள் அடக்கிவிடுவார்கள். அடுத்த வருடம் திவசம் எப்போது என்று குழம்பினால் எடுத்துப் பார்க்கலாம். பாட்டே பதிவேடாக இருந்த காலம். அதன் பின் வரலாறு, பிறகு புலம்பல்கள். கணவர் புலம்பல், பிள்ளைகள் புலம்பல், மருமக்கள் புலம்பல், பேரப்பிள்ளைகள் புலம்பல். அந்தியேட்டி அன்று ஒருவர் இராகம் போட்டு இதை வாசிக்கும்போது, அதுவரை பந்திக்குப் பாத்திரம் தூக்கிக்கொண்டு திரிந்த பெண்கள் ஓரமாக வந்து நின்று அழுவார்கள்.

எழுதுபவர் ஊர்ப் பண்டிதர் அல்லது தமிழ் வாத்தியார். அவருக்கு யாப்பு தெரியும், குடும்பமும் ஓரளவு தெரியும். பல கல்வெட்டுகளில் மிக உருக்கமான பகுதி மருமகள் புலம்பல்தான். அதை எழுதியவர் மருமகள் அல்ல, பண்டிதர் என்பதை மறக்காமல் படிக்க வேண்டும். என் குறை வேறு. செத்தவீட்டு முற்றத்தில் பெண்கள் கட்டிப்பிடித்து ஒப்பாரி வைக்கும்போது, அந்தத் தாய் எந்தக் காணியில் யாரிடம் ஏமாந்தார், எந்தப் பிள்ளைக்கு எந்தக் காய்ச்சல் வந்தபோது எந்தக் கோயிலுக்கு நேர்ந்தார், என்ன கறியை எப்படி வைத்தார் எல்லாம் வந்து விழும். பண்டிதர் கைக்குப் போனதும் அதெல்லாம் உதிர்ந்து, கற்பில் கண்ணகி, பொறுமையில் பூமாதேவி என்று ஆகிவிடும். எதுகை மோனை சரியாக இருக்கும். ஆள் இருக்கமாட்டார்.

இன்றைய நினைவு மலரில் செய்யுள் குறைந்து, படங்கள் கூடிவிட்டன. நடுவில் தேவாரம், சிவபுராணம், கந்தசஷ்டி கவசம், அபிராமி அந்தாதி. தாய்க்கான மலர் என்றால் பட்டினத்தார் தாய்க்குத் தீ மூட்டும்போது பாடியதாகச் சொல்லப்படும் பத்துப் பாட்டுகளும் அநேகமாக இருக்கும். எல்லாப் பற்றையும் விட்ட துறவி ஒருவர் தாயின் ஈமக்கடனுக்கு மட்டும் திரும்பி வந்த கதையை நம் சனத்துக்கு விட மனமில்லை. இந்தப் பக்திப் பாடல்களை இடம் நிரப்பல் என்று சிலர் சொல்வதுண்டு. அதில் ஒரு கெட்டித்தனமும் இருக்கிறது. வெறும் வாழ்க்கை வரலாறு என்றால் அடுத்த தீபாவளிக்கு வீடு துப்புரவாக்கும்போது பழைய பேப்பரோடு போய்விடும். தேவாரம் இருக்கிற புத்தகத்தை யாரும் எறியமாட்டார்கள். அது சுவாமி அறைக்குப் போகும். அயல் வீட்டுச் சின்னப்பிள்ளை வெள்ளிக்கிழமை சிவபுராணம் பார்த்துப் படிக்கும்போதெல்லாம் முதற்பக்கத்தில் அந்த அம்மா இருப்பார்.

என் அம்மம்மாவின் மலரில் அவர் விருந்தோம்பலில் சிறந்தவர் என்று போட்டிருக்கிறது. எல்லா அம்மம்மாவின் மலரிலும் அப்படித்தான். அவர் உண்மையில் செய்தது பனையோடு மல்லுக்கட்டியது. பனம்பழக் காலத்தில் விடிய முதல் வளவுக்குள் போய் விழுந்த பழம் பொறுக்குவார். களியைப் பிழிந்து பாயில் ஊற்றிக் காயவைத்தால் பனாட்டு. கொட்டைகளைப் பாத்தி கட்டிப் புதைத்தால், தை மாசியில் கிழங்கு. அவித்த கிழங்கு பிள்ளைகளுக்கு. அவிக்காமல் கிழித்துக் காயவிட்டது ஒடியல். அதை இடித்து மாவாக்கினால் மழைக்காலத்துக் கூழுக்கும் புட்டுக்கும் ஆகும். மிச்சக் கிழங்கைக் கட்டுக்கட்டாகச் சந்தைக்கு அனுப்பின காசில்தான் என் அம்மா உயர்தரம் படித்தார். போர்க்காலத்தில் வடக்கு மீதிருந்த பொருளாதாரத் தடையால் சவர்க்காரம் இல்லாதபோது பனங்களியில் உடுப்புத் தோய்த்தவர்களில் அவரும் ஒருவர். மண்ணெண்ணெய்க்குத் தட்டுப்பாடு வந்தபோது ஜாம் போத்தலுக்குள் கொஞ்சம் பஞ்சும் எண்ணெயும் விட்டு எங்களுக்கு விளக்குச் செய்து தந்தார். அந்த வெளிச்சத்தில் நாங்கள் படிக்க, தான் இருட்டுக்குள் இருந்து ஒடியல் கிழிப்பார். கைக்குப் பழகின வேலைக்கு வெளிச்சம் எதற்கு என்பார். ‘அன்பு’ என்ற சொல்லை அவர் வாயால் கேட்ட ஞாபகம் இல்லை. “சாப்பிட்டியோ” என்பார். சாப்பிட்டேன் என்றால் நம்பமாட்டார், வயிற்றைத் தொட்டுப் பார்ப்பார்.

அம்மா வீடு

தாயை நினைப்பதற்கு யாழ்ப்பாணத்தில் புத்தகத்தைவிடப் பெரிய பொருள் ஒன்று உண்டு. அது வீடு. ஒல்லாந்தர் காலத்தில், 1707இல், எழுத்தில் தொகுக்கப்பட்ட தேசவழமைச் சட்டம் சொத்தை முதுசம், சீதனம், தேடியதேட்டம் என்று பிரிக்கிறது. பழைய வழக்கில் தகப்பன் வழி முதுசம் ஆண்பிள்ளைகளுக்கும், தாயின் சீதனம் பெண்பிள்ளைகளுக்கும் போனது. அதனால்தான் இன்றும் வீடு பெண்ணுக்கு என்கிறோம். மருமகன்தான் அங்கே வந்து குடியிருக்கிறான். அம்மம்மா பிறந்த வீட்டில் அம்மா பிறந்து, அங்கேயே பேத்தியும் பிறக்கும் நிலை இங்கே சாதாரணம். கிணற்றடியில் எந்தக் கல் ஆடும், எந்தக் கறிமுருங்கை யார் வைத்தது என்று சொல்லித்தான் பிள்ளைகள் வளர்ந்தார்கள். சீதனம் பெண்களுக்குச் செய்த கொடுமைகள் வேறு. அவற்றை மறைக்கத் தேவையில்லை. ஆனால் பெண் வழியாக ஒரு ஞாபகம் இறங்கிவர அந்த வீடு இடம் கொடுத்தது என்பதும் உண்மை.

இந்த வீட்டையே தலைப்பாக்கிய ஒரு நூல் உண்டு. யாழ். பல்கலைக்கழக உடற்கூற்றியல் துறைத் தலைவர் டொக்டர் ராஜினி திராணகம, 1989 செப்ரெம்பர் 21ஆம் திகதி வேலை முடிந்து சைக்கிளில் வரும்போது சுட்டுக் கொல்லப்பட்டார். வயது 35, இரண்டு பெண்பிள்ளைகளின் தாய். இளைய மகள் ஷாரிகா பின்னாளில் மானிடவியலாளராகி, போரும் இடப்பெயர்வும் குடும்பங்களுக்குச் செய்ததைப் பற்றி ஆங்கிலத்தில் ஒரு நூல் எழுதினார். 2011இல் வெளிவந்த அந்த ஆய்வுநூலின் தலைப்பைத் தமிழில் சொன்னால் ‘என் அம்மாவின் வீட்டில்’. யாழ்ப்பாணத்தாருக்கு அந்தத் தலைப்பை விளக்கத் தேவையில்லை.

போரில் முதலில் போனதும் அந்த வீடுதான். 1990இல் வலிகாமம் வடக்கிலிருந்து எழும்பியவர்களில் பலர் காணிக்குத் திரும்பக் கால் நூற்றாண்டு காத்திருந்தார்கள். கீரிமலையும் இராணுவத்தின் உயர் பாதுகாப்பு வலயத்துக்குள் அகப்பட்டதால், தாய்க்குச் சாம்பல் கரைக்கவும் வேறு கடற்கரை தேட வேண்டியிருந்தது. அதே 1990 ஒக்ரோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம் குடும்பங்களின் உம்மம்மாமார் புத்தளத்து முகாம்களில் கண்மூடினார்கள். அவர்களுடைய யாழ்ப்பாணத்து வீடுகளும் பெண்கள் வழியாகக் கைமாறியவைதாம். 1995 ஒக்ரோபர் 30 இரவு வலிகாமமே எழும்பி மழைக்குள் நாவற்குழிப் பாலத்தைக் கடந்தபோது, கிழவிகளின் மடியில் இருந்தது நகையைவிடக் காணி உறுதிதான். என் அம்மம்மா அதைச் சவ்வுத்தாளில் சுற்றி, பால்மா ரின்னுக்குள் போட்டு, பழஞ்சீலையால் இடுப்போடு கட்டியிருந்தார். நகை திருடு போனால் வாங்கலாம், உறுதி போனால் பிள்ளையள் எந்த ஊர் என்று சொல்லுவது என்றார்.

பிறகு வன்னி. 2009இல் முள்ளிவாய்க்காலில் இறந்த தாய்மாரில் பலருக்கு அறிவித்தல் இல்லை, அந்தியேட்டி இல்லை. திதியே தெரியாது. காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளைகளைத் தேடி 2017 பெப்ரவரியில் கிளிநொச்சியில் வீதியோரத்தில் குந்திய தாய்மாரில் பலர் பதில் கிடைக்காமலே போய்ச் சேர்ந்துவிட்டார்கள். அவர்களுக்கு அறிவித்தல் எழுத உட்காரும் மகளின் நிலையை யோசித்துப் பாருங்கள். பிள்ளைகள் வரிசையில் அண்ணனின் பெயர் வர வேண்டும். ‘காலஞ்சென்ற’ என்று போட்டால் அம்மா இத்தனை வருடம் வெயிலில் இருந்ததற்கு அர்த்தமில்லை. போடாமல் விட்டால் பக்கத்து அடைப்புக்குறிக்குள் எந்த நாட்டை எழுதுவது?

பேரப்பிள்ளைகளின் பக்கம்

ஊரில் செத்தவீட்டுக்குப் பேரப்பிள்ளைகள் கட்டாயம் வேண்டும். பாட்டனுக்கோ பாட்டிக்கோ நெய்ப்பந்தம் பிடிப்பவர்கள் அவர்கள். பந்தம் பிடிக்க எத்தனை பேர் நின்றார்கள் என்று ஊர் எண்ணும். பெண்கள் படலையோடு நின்றுவிடுவார்கள், சுடலைக்குப் போவதில்லை. தாயைப் பத்து வருடம் படுக்கையில் வைத்துப் பார்த்த மகள், கடைசி வழியில் மதகடி வரைக்கும்கூடப் போகாத வழக்கம் அது. ரொறன்ரோவிலும் லண்டனிலும் இது தானாக உடைந்தது. மின்தகன மண்டபத்துக்கு எல்லாரும் காரில் போகிறார்கள், மகளும் போகிறாள், பேத்தி மேடையேறிப் பேசுகிறாள். தீயணைப்பு விதிகள் பந்தத்தை அனுமதிக்காத இடங்களில் மெழுகுதிரி ஏந்துகிறார்கள். நல்ல மாற்றம் என்றுதான் சொல்வேன். ஐயர்மாரில் சிலர் முகஞ்சுளிக்கிறார்கள், சுளிக்கட்டும்.

நினைவு மலரிலும் நான் முதலில் புரட்டுவது பேரப்பிள்ளைகள் எழுதிய பக்கத்தைத்தான். ஆங்கிலம், பிரெஞ்சு, டொச், நோர்வேஜியன் என்று ஒரே மலரில் நாலு மொழி இருக்கும். மகன்மார் தமிழில் எழுதியதில் ‘பண்பின் சிகரம்’ இருக்கும். பேரன் எழுதியதில் அம்மம்மாவின் குளிர்சாதனப் பெட்டியில் ஐஸ்கிரீம் டப்பா என்று நினைத்துத் திறந்தால் மீன்குழம்பு இருந்த கதை இருக்கும். தான் பள்ளிக்கூடத்தால் வரும்போது பனிக்குள் அவர் சேலையும் சப்பாத்தும் கம்பளிக் கோட்டுமாகத் தரிப்பிடத்தில் நின்றதை எழுதுவான். அவனுக்குத் தமிழில் கற்பும் பொறுமையும் தெரியாததால் கண்டதை எழுதுகிறான். அது பாதகம் இல்லை. ஆனால் அந்தப் பக்கத்தை ஊரிலுள்ள அம்மம்மாவின் தங்கச்சியால் படிக்க முடியாது. தமிழ்ப் பக்கத்தைப் பேரனால் படிக்க முடியாது. ஒருவரைப் பற்றிய ஒரு புத்தகத்தின் இரண்டு பாதிகள் ஒன்றையொன்று அறியாமல் கிடக்கின்றன. செலவோடு செலவாக யாராவது ஒருவரைக் கொண்டு அந்தப் பக்கங்களை மொழிபெயர்த்துப் போடலாம்.

இந்த மலர்களைச் சேர்த்துவைப்பதை வேலையாகவே செய்கிறவர்களும் இருக்கிறார்கள். 2005இல் தொடங்கிய நூலகம் திட்டம் ஈழத்து நூல்களையும் பத்திரிகைகளையும் மின்வருடி இணையத்தில் வைக்கிறது. அதில் நினைவு மலர்களுக்கென்றே தனிப் பகுதி உண்டு. 1981இல் யாழ். பொது நூலகம் எரிந்தபோது சுமார் 97,000 நூல்கள் போயின. ஈழநாடு அலுவலகமும் அதே நாட்களில் எரிந்தது. அதற்குப் பிறகு ஊர் வரலாறு எழுத வந்தவர்கள் கடைசியில் வீட்டு அலுமாரிகளைத்தான் தேட வேண்டியிருந்தது. அங்கே வம்சாவளி, கோயில் தொண்டு, யார் எந்த ஊரில் கலியாணம் செய்தார் எல்லாம் கல்வெட்டிலும் மலரிலும் ஒளிந்திருந்தன. மலாயாவுக்கு எழுதுவினைஞராகப் போன கணவருக்காக ஊரில் தனியே பிள்ளை வளர்த்த பெண்களின் தடமும் அந்தப் பக்கங்களில்தான் கொஞ்சமாவது இருக்கிறது.

இப்போது சில முதியவர்கள் பண்டிதரையும் பேரனையும் நம்பாமல் தாங்களே இறங்கிவிட்டார்கள். எனக்குத் தெரிந்த ஓர் ஆச்சி, 80 தாண்டியவர், மலருக்கான படத்தைத் தானே தெரிவுசெய்து, எங்கள் ஊர் ஸ்ரூடியோவில் பெரிதாக்கி, சட்டம் போட்டு அலுமாரியில் வைத்திருக்கிறார். முட்டுக்காய்ச் சம்பலிலிருந்து எள்ளுப்பா வரைக்கும் கைப்பக்குவத்தைப் பேத்தியின் கைபேசியில் சொல்லிப் பதிந்துவிட்டார். பக்திப் பாட்டுகளையும் குறித்துக் கொடுத்திருக்கிறார், அச்சகக்காரன் விருப்பத்துக்குப் போடக்கூடாது என்று. போன மாதம் கனடாவிலிருந்து வந்த பேரன், அம்மாச்சியைப் பற்றி இரண்டு பந்தி இப்போதே எழுதிவைப்போம் என்று மடிக்கணினியைத் திறந்தான். விருந்தோம்பல் என்று தொடங்கியதும் ஆச்சி கையைக் காட்டி நிறுத்தினார்.

“உதை விடு தம்பி. நான் சீட்டுப் பிடிச்சு உன்ர கொப்பனையும் ரண்டு மாமாவையும் வெளிநாட்டுக்கு அனுப்பினனான். அதைப் போடு.”

சீட்டு என்றால் என்ன என்று அவன் கேட்டான். ஆச்சி கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு, எத்தனை பேர், மாதம் எவ்வளவு, யார் எடுத்தது, கழிவு எவ்வளவு, ஏஜென்சிக்காரன் எந்தச் சந்தியில் காசு வாங்கினான் என்று ஒன்றும் விடாமல் சொல்லத் தொடங்கினார். அவன் தட்டத் தட்ட இரண்டு பந்தி எட்டுப் பக்கமானது. முடிவில் ஆச்சி கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு கேட்டார்:

“அதில ரண்டு பேர் இன்னும் எனக்குக் காசு தரேல்லை. அவையின்ர பேரையும் மலரில போடலாமோ?”